பள்ளி ஆசிரியர் ரஹீம்



விளையாட்டு விழா முடிந்த மறுவாரம், ஒன்பதாம் வகுப்பு மாணவியராகிய எங்களிடம் உடற்கல்வி ஆசிரியை ஒரு வேலையை ஒப்படைத்தார். கோப்பை வென்ற வீரரைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள். வீரரை உருவாக்கிய ஒருவரைத் தேடிப் பிடித்து ஆண்டு மலருக்கு எழுதித் தாருங்கள் என்பது அவர் கட்டளை. எங்களுக்கு முதலில் யார் பெயரும் நினைவுக்கு வரவில்லை. கோல் போட்டவர் பெயர் தெரியும். அவருக்கு உதைக்கக் கற்றுக்கொடுத்தவர் பெயர் யாருக்குத் தெரிகிறது? நூலகத்தில் தேடியும், ஆசிரியைகளைக் கேட்டும், வீட்டில் அப்பாமார்களைத் தொந்தரவு செய்தும் கடைசியில் ஒரு பெயரைக் கண்டெடுத்தோம். அவர் சையத் அப்துல் ரஹீம். ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இந்தியக் கால்பந்து அணியை இருமுறை ஆசியாவின் முதலிடத்தில் நிறுத்தியவர்.

ரஹீம் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். அந்நாளில் அது நிஜாம் மன்னரின் ஆட்சியில் இருந்த நாடு. உருது மொழியிலேயே பட்டப்படிப்பு வரை கற்பித்த உஸ்மானியா பல்கலைக்கழகம் அங்கே 1918-இல் தொடங்கப்பட்டிருந்தது. ரஹீம் அங்கே படித்தார். அந்தப் பல்கலைக்கழக அணியிலும் ஆடினார். நன்றாக ஆடினார் என்றாலும், ஆட்டக்காரராக அவர் பெயர் நிலைக்கவில்லை. பட்டம் பெற்றபின் பள்ளி ஆசிரியரானார். காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி என்று நகரத்தின் பல பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பிறகு உடற்கல்வியிலும் பட்டயம் பெற்று, மைதானத்தையும் ஒரு வகுப்பறையாக்கிக் கொண்டார்.

இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறோம். அவரைப் பற்றிப் படித்ததில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி, கோப்பைகள் வருவதற்கு முந்திய இந்தப் பகுதிதான்.

1943-இல் அவர் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். கையில் பெரிய நிதியில்லை. பச்சைப் புல்தரையும் இல்லை. தெருவிலும் பொட்டலிலும் வெறுங்காலுடன் பந்து விளையாடிய சிறுவர் கூட்டம் மட்டும் ஏராளமாக இருந்தது. அந்தச் சிறுவர்களின் ஆட்டத்தை ஓர் ஆசிரியரின் கண்ணோடு அவர் பார்த்தார். தேர்வுத்தாளைத் திருத்தும் ஆசிரியர், பிள்ளை எங்கே தவறுகிறது என்பதைத்தானே முதலில் தேடுவார்? ரஹீமும் அதையே செய்தார். எல்லாப் பையன்களும் ஒரே காலால் உதைக்கிறார்கள். பந்து கிடைத்தவன் அதைக் கடைசிவரை தானே வைத்துக்கொண்டு, எதிரியை ஒவ்வொருவராக ஏமாற்றிக்கொண்டே ஓடப் பார்க்கிறான். பக்கத்தில் நிற்கும் தோழன் அவன் கண்ணுக்குத் தெரிவதேயில்லை. இந்த இரண்டு குறைகளையும் அவர் கண்டார்.

இவற்றைத் திருத்த அவர் செய்த வழி வேடிக்கையானது. பையன்களுக்கென்று புதுமாதிரிப் போட்டிகளை நடத்தினார். ஒன்றில், பழக்கமில்லாத காலால் மட்டுமே பந்தை உதைக்கலாம். வலக்காலன் இடக்காலால் ஆட வேண்டும், இடக்காலன் வலக்காலால். இன்னொன்றில், பந்தைத் தட்டித் தட்டி எடுத்துச் செல்வது தடை. வந்த பந்தை உடனே தோழனுக்குத் தள்ளிவிட வேண்டும். இப்படி ஆடி ஆடியே அந்தப் பையன்கள் இரண்டு கால்களையும் பெற்றார்கள். பக்கத்தில் நிற்பவனையும் பார்க்கக் கற்றார்கள். அறிவுரையாகச் சொல்லியிருந்தால் காதில் போட்டுக்கொள்ளாத பிள்ளைகள், போட்டி என்றதும் விழுந்தடித்துக்கொண்டு கற்றுக்கொண்டார்கள். துரின் நகரத்துத் தெருச்சிறுவரைக் கூட்டிவைத்து, அவர்களோடு விளையாடியே அவர்களை வளர்த்த புனித தொன் போஸ்கோவைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம் அல்லவா? ரஹீமைப் படித்தபோது எங்களுக்கு அவருடைய நினைவு வந்தது.

சொன்னால் சிரிப்பீர்கள், நாங்களும் இதைச் சோதித்துப் பார்த்தோம். ஒரு புதன்கிழமை மாலை, ஆசிரியையின் அனுமதியோடு இடக்கால் ஆட்டம் ஆடினோம். எங்கள் அணியிலேயே பலமாக உதைக்கும் தோழி, காற்றை உதைத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். இதுவரை யாருமே பந்து கொடுக்காத ஒருத்தி, சோற்றுக்கை இடக்கையாக இருந்ததற்காக வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவள், அன்றைக்கு ஒருநாள் மைதானத்துக்கே அரசியானாள்.

நிற்க. ரஹீமின் கதைக்கு வருவோம்.

1950-இல் ஐதராபாத் நகரக் காவல்துறை அணிக்கு அவர் பயிற்சியாளரானார். உயிர் பிரியும்வரை அந்தப் பொறுப்பை அவர் விடவில்லை. அந்த ஆண்டு தொடங்கி 1954 வரை, பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை ஐந்து ஆண்டுகள் அடுத்தடுத்து அந்த அணி வென்றது. கல்கத்தாவின் பெரிய கழகங்களே இந்தியக் கால்பந்து என்று நாடு எண்ணியிருந்த காலத்தில், தக்காணத்திலிருந்து வந்த காவலர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாட்டின் அணிக்கும் பயிற்சியாளர் வேண்டும் என்றபோது ரஹீமைத் தேடி அழைப்பு வந்தது இயல்புதான்.

முதல் ஆசிய விளையாட்டுகள் 1951 மார்ச்சில் புதுதில்லியில் நடந்தன. இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானையும் தலா 3–0 என்று வென்ற நம் அணி, இறுதி ஆட்டத்தில் ஈரானைச் சந்தித்தது. மேவாலால் போட்ட ஒரே கோலில் தங்கம் நமக்கு வந்தது. சைலேன் மன்னா அணித்தலைவர். சுதந்திரம் பெற்று நான்கு ஆண்டுகூட நிறையாத நாட்டுக்கு அது எத்தகைய மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்பதை எங்கள் தாத்தாமார் காலத்தவர்தாம் சொல்ல வேண்டும்.

அடுத்த ஆண்டே அடி விழுந்தது. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவுடன் மோதினோம். நம்மவர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். குளிர்நாட்டின் தரை அவர்களுக்குப் புதிது. முடிவு 10–1. பத்து கோல் வாங்கி ஒன்று போட்டோம். ஊர் திரும்பும்போது அந்தக் கப்பலிலோ விமானத்திலோ யாரும் யார் முகத்தையும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அந்தத் தோல்விக்குப் பின் அனைத்திந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பூட்ஸ் அணிவதைக் கட்டாயமாக்கியது. அதற்குமுன் பூட்ஸ் போட்டால் பந்தின் தொடுவுணர்ச்சி போய்விடும் என்று நம்மவர் வெகுநாள் நம்பியிருந்தார்கள்.

ரஹீம் என்ன செய்தார்? அவர் ஐரோப்பியரின் ஆட்ட முறைகளைக் கூர்ந்து படிக்கலானார். அந்நாளில் உலகையே வியக்க வைத்த அணி ஹங்கேரி. அவர்கள் 1953-இல் இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் 6–3 என்று வீழ்த்தினார்கள். அவர்களுடைய நடு முன்னாட்டக்காரர் கோலுக்கு அருகில் நிற்காமல் பின்வாங்கி நிற்பார். அவரைத் துரத்தி எதிரணிக் காவலர் முன்னே வந்துவிட்டால் பின்னால் இடம் காலியாகும். அந்த இடத்தில் மற்றவர்கள் புகுந்துவிடுவார்கள். இத்தகைய நுட்பங்கள் இந்தியாவில் பலருக்குத் தெரியாதிருந்த காலத்திலேயே ரஹீம் தம் வீரர்களுக்கு அவற்றைச் சொல்லிக்கொடுத்தார்.

பலன் 1956-இல் மெல்போர்னில் தெரிந்தது. ஒலிம்பிக்கை நடத்திய ஆஸ்திரேலியாவையே நம் அணி 4–2 என்று வென்றது. பம்பாய் வீரர் நெவில் டிசோசா அந்த ஆட்டத்தில் மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் ஆசியர் அவர்தாம். அரையிறுதிக்கு வந்த முதல் ஆசிய நாடு இந்தியா. அங்கே எதிரே நின்றது யார் தெரியுமா? அதே யுகோஸ்லாவியா! நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்து கோல் போட்டவர்களுக்கு எதிராக, இம்முறை முதல் கோல் போட்டது நாம். அதுவும் நெவிலின் கோல். கடைசியில் 4–1 என்று தோற்றோம். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்திலும் பல்கேரியாவிடம் 3–0 என்று தோற்று நான்காம் இடம் பெற்றோம். பதக்கம் இல்லை. ஆனாலும் 10–1 எங்கே, ஒரு கோல் முன்னிலையில் நின்ற அந்த நிமிடங்கள் எங்கே!

ரஹீமின் மனத்தை அறிய, கோல்களின் கணக்கைவிட ஒரு சைக்கிளின் கதை எங்களுக்கு அதிகம் உதவியது. செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடா என்ற சிற்றூரில், தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ஓர் ஏழைப் பையன் இருந்தான். பெயர் துளசிதாஸ் பலராம். அவன் ஆட்டத்தைப் பார்த்த ரஹீம், ஐதராபாத்துக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னார். பையனோ தயங்கினான். ஆட விருப்பம் உண்டு. தினமும் நகரத்துக்கு வந்து போகக் காசு இல்லை. ரஹீம் அவன் வந்து போக ஒரு சைக்கிளுக்கு வழி செய்தார். அந்தச் சைக்கிளில் வந்து போன பையன் 1956-இல் மெல்போர்ன் சென்ற அணியில் இடம் பெற்றான். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் போட்டான். 1962-இல் ஆசியத் தங்கம் வென்ற அணியிலும் இருந்தான். இந்தியா கண்ட மிகச்சிறந்த முன்னாட்டக்காரர்களுள் ஒருவர் என்று பேர் பெற்ற பலராம் 2023 பிப்ரவரியில் காலமானார்.

இதைப் படித்தபோது எங்களில் சிலர் பேசாமல் இருந்துவிட்டோம். குஜிலியம்பாறையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. திண்டுக்கல்–கரூர் சாலையில் ஓடும் பஸ்ஸைப் பிடித்தால்தான் எங்களில் பலருக்கு வீடு. அதிலிருந்து இறங்கி, உள்ளே இன்னும் நடக்க வேண்டியவர்களும் உண்டு. பள்ளி விட்டபின் ஒரு மணி நேரம் பந்து ஆடினால் பஸ் போய்விடும். சென்ற ஆண்டு அணியில் இருந்த இருவர் இந்த ஆண்டு இல்லை. அவர்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம், கோபித்துக்கொள்ளவும் செய்தோம். எப்படி வீட்டுக்குப் போகிறாய் என்று எங்களில் ஒருத்திகூட அவர்களைக் கேட்கவில்லை. ரஹீம் அந்தப் பையனிடம் அதைத்தான் முதலில் கேட்டிருக்கிறார்.

இனி ஜகார்த்தா. 1962 ஆசிய விளையாட்டுகள் இந்தோனேசியத் தலைநகரில் நடந்தன. ரஹீமுக்கு அப்போது வயது ஐம்பத்து மூன்று. நுரையீரலில் புற்றுநோய் பற்றியிருந்தது. புகைப்பழக்கம் உள்ளவர் அவர். நல்லவர்களிடமும் இப்படி ஒரு குறை இருந்துவிடுகிறது என்று அருட்சகோதரி ஒருவர் வருத்தத்தோடு சொன்னார். உடல் தேய்ந்துகொண்டே வந்த நிலையில், வீட்டில் படுத்திருக்க வேண்டிய மனிதர் மைதானத்தின் ஓரத்தில் நின்றார்.

முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2–0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4–1 என்று வென்றோம். ஆனால் அந்த ஆட்டத்தில் பின்காவல் வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானை 2–0 என்று வென்று அரையிறுதிக்கு வந்தோம். ரஹீம் அப்போது எடுத்த முடிவைக் கண்டு வீரர்களே திகைத்திருப்பார்கள். தலையில் கட்டோடு நின்ற ஜர்னைல் சிங்கை, பின்காவலிலிருந்து எடுத்து முன்னாட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். உயர்ந்த உடற்கட்டும் அஞ்சாத நெஞ்சும் உடையவர் ஜர்னைல். தையல் போட்ட தலையாலேயே பந்தை முட்டத் தயாராயிருந்தார். அரையிறுதியில் தென்வியட்நாமை 3–2 என்று வென்றோம். அதில் ஒரு கோல் ஜர்னைல் போட்டது.

ஆட்டத்துக்கு வெளியே வேறொரு புயல் வீசிக்கொண்டிருந்தது. இஸ்ரேலும் தைவானும் அந்தப் போட்டிகளில் கலந்துகொள்ள இந்தோனேசியா இடம் தரவில்லை. அது முறையன்று என்று, பன்னாட்டு ஒலிம்பிக் குழுவில் இருந்த இந்தியரான சோந்தி கண்டித்தார். ஜகார்த்தா மக்களின் கோபம் இந்தியர் அனைவர்மேலும் திரும்பியது. இறுதி ஆட்டத்துக்கு முன்னாள் இந்தியத் தூதரகத்தை ஒரு கூட்டம் தாக்கியது. இந்த நிலையில்தான் நம் பதினொருவர், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் நிறைந்த செனாயன் அரங்கத்துக்குள் செப்டம்பர் 4-ஆம் நாள் காலடி வைத்தார்கள். பந்து நம்மவர் காலுக்கு வந்தபோதெல்லாம் கூச்சல். எதிரே முதல் ஆட்டத்தில் நம்மைத் தோற்கடித்த அதே தென்கொரியா. அந்தப் பெருங்கூட்டத்தில் நம்மவருக்காகக் கைதட்டிய சிலருள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்களும் இருந்தார்கள் என்பதை நம் வீரர்கள் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள்.

ஆட்டத்துக்கு முந்திய இரவு, ரஹீம் வீரர்களை அருகில் அழைத்தார். நோயைச் சொல்லி இரக்கம் தேடவில்லை. தமக்கு ஒரு பரிசு வேண்டும், நாளைக்குத் தங்கத்தை வென்று தாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். கேட்டவர்கள் அந்த இரவைத் தங்கள் முதுமைவரை மறக்கவில்லை.

கோல் காக்கும் இடத்திலும் ஒரு மாற்றம் செய்தார். அரையிறுதியில் நின்ற பர்மனுக்குப் பதிலாக, காய்ச்சலிலிருந்து தேறி வந்த பீட்டர் தங்கராஜை நிறுத்தினார். பெயரைக் கேட்டதும் நம்மூர் அண்ணன் போலிருக்கிறதல்லவா? ஐதராபாத்தில் பிறந்து, மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து ராணுவ அணியில் ஆடி வளர்ந்தவர் தங்கராஜ். தொடக்கத்தில் முன்னாட்டக்காரராக ஆடியவர், பிறகு கோல் காவலரானார். நெடிய உயரம் அவருக்குத் துணை நின்றது. 1967-இல் அர்ஜுனா விருது பெற்றார்.

பதினேழாம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜி கோல் போட்டார். இருபதாம் நிமிடத்தில் இரண்டாவது கோல். போட்டவர் ஜர்னைல் சிங்! முடிய ஐந்து நிமிடம் இருந்தபோது கொரியர் ஒன்றைத் திருப்பினர். அந்த ஐந்து நிமிடமும் எப்படிக் கழிந்தனவோ, தங்கராஜுக்குத்தான் தெரியும். 2–1. தங்கம் நமக்கு. அணித்தலைவர் சுனி கோஸ்வாமி முதற்கொண்டு அத்தனை பேரும் தங்கள் ஆசிரியருக்குப் பரிசைக் கொடுத்துவிட்டார்கள். இந்து, இஸ்லாமியர், சீக்கியர், கிறிஸ்தவர் எல்லாரும் கலந்த அந்த அணியில் வங்காளியும் பஞ்சாபியும் தெலுங்கரும் தமிழரும் இருந்தார்கள்.

அதற்குப்பின் அவர் ஓராண்டுகூட வாழவில்லை. 1963 ஜூன் 11-ஆம் நாள் ஐதராபாத்தில் காலமானார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதன்பின் தங்கம் வென்றதே இல்லை. 1970-இல் பாங்காக்கில் வென்ற வெண்கலமே கடைசிப் பதக்கம். பயிற்சியாளர்களுக்கு நாடு தரும் துரோணாச்சாரியா விருது 1985-இல்தான் ஏற்படுத்தப்பட்டது. ஆகவே வாழ்நாளில் அவர் அதைப் பெறும் வாய்ப்பே இருக்கவில்லை. அவருடைய கதையை ஒட்டி எடுக்கப்பட்ட மைதான் என்ற இந்திப் படம் 2024-இல் வெளிவந்தது. அதற்குள் பி. கே. பானர்ஜியும் சுனி கோஸ்வாமியும் 2020-இலும், தங்கராஜ் அதற்கு வெகுமுன்பே 2008-இலும் மறைந்துவிட்டார்கள்.

ரஹீமின் மகன் சையத் சாகித் ஹக்கீம், 1960-இல் தந்தை பயிற்றுவித்த ரோம் ஒலிம்பிக் அணியில் ஒருவர். ஆயினும் அந்த ஒலிம்பிக்கில் ஓர் ஆட்டத்திலும் களமிறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. பயிற்சியாளரின் மகன் கடைசிவரை காத்திருப்போர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்! இதை எங்கள் வகுப்பில் வாசித்தபோது, ஆசிரியையின் பிள்ளைகளாக இங்கே படிக்கும் இரண்டு தோழியர் பெருமூச்சு விட்டதை நாங்கள் கவனித்தோம். ஹக்கீம் பின்னர் விமானப்படையில் அதிகாரியாகவும் பன்னாட்டு நடுவராகவும் விளங்கி, 2017-இல் தியான் சந்த் விருது பெற்று, 2021 ஆகஸ்டில் மறைந்தார்.

ரஹீமின் காலத்தில் பெண்கள் பந்தாட வருவார்கள் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன் பட்டத்தை வென்று வந்தது. அவருக்கு அது தெரிந்திருந்தால் எத்தனை பேருக்கு இடக்கால் பழக்கம் இருக்கிறது என்றுதான் முதலில் விசாரித்திருப்பார் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இதை எழுதி முடிக்கும் இந்த வாரத்தில், அணியை விட்டு நின்ற இருவரையும் போய்ப் பார்த்தோம். ஒருத்திக்கு, அதே பாதையில் சைக்கிளில் போகும் பதினொன்றாம் வகுப்பு அக்கா பின்னால் ஏற்றிச் செல்லச் சம்மதித்திருக்கிறார். மற்றவளின் ஊர் தொலைவு. அவளுக்காகப் பயிற்சியைக் காலையில் பள்ளி தொடங்குமுன் வைக்கலாமா என்று தலைமைச் சகோதரியிடம் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. புதன்கிழமை இடக்கால் ஆட்டம் மட்டும் தவறாமல் நடக்கிறது. இதுவரை நான்கு ஆட்டங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து விழுந்தது ஒரே ஒரு கோல்.